இருண்ட கதை விளையாட்டை வாங்கலாமா? விளையாடியவர்களின் கருத்தைப் படிக்க ஒரு கையேடு

2019 பிப்ரவரி 1 அன்று கோவாவிலிருந்து ஒரு சிறிய கணினி விளையாட்டு வெளியானது. பெயர் ரெயின்ஸ்வெப்ட். ஃப்ராஸ்ட்வுட் இண்டராக்டிவ் என்ற பெயரில் அதை உருவாக்கியவர் அர்மான் சந்து. பைன்வியூ என்ற கற்பனை ஊரில் கிறிஸ், டயான் என்ற இளம் இணையர் வீட்டுக்குள் இறந்து கிடக்கிறார்கள். ஒருவர் மற்றவரைக் கொன்றுவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. உள்ளூர் காவலர்களுக்கு உதவ வந்த துப்பறிவாளர் மைக்கேல் ஸ்டோனுக்கு அதில் சந்தேகம். அவராக இருந்து உண்மையைத் தேடுவதுதான் ஆட்டம்.

விளையாடியவர்களின் கருத்துகளைப் படித்தால் முதலில் குழப்பமே வரும். "கண் கலங்கிவிட்டது, இப்படி ஒரு கதை அபூர்வம்" என்பார் ஒருவர். "நடக்கிறேன், பேசுகிறேன், மறுபடி நடக்கிறேன், இதில் விளையாட எதுவுமே இல்லை" என்பார் அடுத்தவர். இருவரும் ஒரே விலை கொடுத்து ஒரே விளையாட்டை வாங்கியவர்கள்தான்.

தருமபுரியிலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ உட்கார்ந்து, இருக்கும் சில நூறு ரூபாயில் எதை வாங்கலாம் என்று பார்க்கும் கல்லூரி மாணவருக்கு இந்தக் குழப்பம் சிறியதல்ல. பிள்ளை வாங்கச் சொல்லிக் கேட்கும் விளையாட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்கும் அப்படியே. இந்த வகை விளையாட்டு என்ன, அதைப் பற்றிய கருத்துகளை எப்படிப் படிக்க வேண்டும், நம் ஊரிலிருந்து வாங்குபவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன வகை?

ஆங்கிலத்தில் 'பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வென்ச்சர்' என்கிறார்கள். திரையில் ஒரு காட்சி இருக்கும். மவுஸை நகர்த்தி, சந்தேகப்படும் இடத்தில் கிளிக் செய்யலாம். ஒரு சாவி கிடைக்கும், ஒரு கடிதம் கிடைக்கும், ஒரு ஆள் பேசுவார். கிடைத்ததை வைத்தும் கேட்டதை வைத்தும் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். விரல் வேகத்துக்கு இங்கே வேலை இல்லை. கவனம், பொறுமை, கதையைத் தொடரும் ஆர்வம் மூன்றும் போதும்.

இந்த வகைக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் வெளியிட்ட மிஸ்டரி ஹவுஸ்தான் படங்களோடு வந்த முதல் சாகச விளையாட்டு எனப் பெயர் பெற்றது. அதுவே ஒரு கொலைக் கதை. விளையாடுபவர் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. 1987இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட மேனியாக் மேன்ஷன், திரையில் இருக்கும் வினைச்சொல்லையும் பொருளையும் கிளிக் செய்தால் போதும் என்ற முறையைப் பரப்பியது. 1990களின் இறுதியில் இந்த வகைக்குச் சந்தை சுருங்கியது. பெரிய நிறுவனங்கள் விலகிக்கொண்ட இடத்தைத்தான் பின்னாளில் தனி ஆட்களும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களும் நிரப்பினார்கள்.

அவர்களைத்தான் 'இண்டி' என்கிறார்கள். பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் பணமும் கட்டளையும் இல்லாமல், தாங்களே திட்டமிட்டு உருவாக்குபவர்கள். யாரும் தடுக்காததால் பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கும் கதைகளை அவர்கள் சொல்ல முடிகிறது. மனநோய், குடும்ப வன்முறை, தற்கொலை, இழப்பு போன்ற பொருள்கள் இந்த வகையில் அடிக்கடி வருவதற்கு அந்தச் சுதந்திரம் ஒரு காரணம். சண்டைக் காட்சிக்கும் பெரிய வரைகலைக்கும் செலவிட முடியாதபோது, கதையின் கனம்தான் அவர்கள் கையில் இருக்கும் பலம் என்பது இன்னொரு காரணம்.

ரெயின்ஸ்வெப்ட்டைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

பாராட்டுகள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சுற்றி வருகின்றன. முதலாவது கதை. இறந்துபோன இருவரின் உறவு எப்படித் தொடங்கியது, எங்கே கசந்தது என்பதைப் பழைய காட்சிகளாக இடையிடையே காட்டுகிறது இந்த விளையாட்டு. துப்பறிபவருக்கும் ஆறாத ஒரு பழைய காயம் இருக்கிறது. கெட்ட கனவுகள் அவரை விடுவதில்லை. கொலையாளி யார் என்ற கேள்வியைவிட, இந்த மனிதர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்ற கேள்வி பெரிதாகிவிடுகிறது. இரண்டாவது இசை. மிக்அமிக் என்ற பெயரில் இயங்கும் இசைக்கலைஞர் அமைத்த இசையைப் பலரும் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். மூன்றாவது சூழல். மழை, மரங்கள், எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூர். 'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை நினைவூட்டுவதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

குறைகளும் ஒரே திசையில்தான் இருக்கின்றன. பாத்திரங்களின் அசைவு விறைப்பாக இருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடப்பதில் நேரம் போகிறது. புதிர்கள் எளிது; மூளையைக் கசக்க வேண்டியதில்லை. படிக்க வேண்டிய உரையாடல் நிறைய. சிலருக்கு நிரல் பிழைகள் தொல்லை கொடுத்திருக்கின்றன.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாராட்டியவரும் குறை சொன்னவரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. மெதுவாக நகரும், பேச்சு அதிகம், புதிர் குறைவு, கதை கனமானது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எதைத் தேடி வந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. நாவல் படிப்பது போன்ற அனுபவத்தைத் தேடி வந்தவருக்கு மெதுவான நடை பொருத்தமாக இருந்தது. புதிர் அவிழ்க்க வந்தவருக்கு அதே நடை சலிப்பானது.

கருத்துகளைப் படிக்கும் கலையின் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு கருத்திலும் இரண்டு பகுதிகள் கலந்திருக்கும்: விளையாட்டைப் பற்றிய தகவல் ஒன்று, எழுதியவரின் எதிர்பார்ப்பு மற்றொன்று. தகவலை எடுத்துக்கொண்டு, எதிர்பார்ப்பு இருந்த இடத்தில் உங்களுடையதை வைத்துப் பார்த்தால், அந்தக் கருத்து உங்களுக்குப் பயன்படத் தொடங்கும்.

புதிர் பற்றிய புகாரை எப்படி எடுத்துக்கொள்வது?

சாகச விளையாட்டுகளைப் பற்றி மிக அதிகம் பேசப்பட்ட குறை புதிர்களைப் பற்றியதுதான். 1999இல் சியரா நிறுவனம் வெளியிட்ட கேப்ரியல் நைட் 3 என்ற விளையாட்டில் ஒரு புதிர் உண்டு. வாடகை வண்டி எடுக்க இன்னொருவரைப் போல வேடமிட வேண்டும். அதற்கு ஒரு பூனையின் முடியைப் பசை நாடாவில் ஒட்டி எடுத்து, இனிப்புப் பாகை வைத்துப் பொய் மீசையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த இன்னொருவருக்கோ மீசையே கிடையாது. அவரது கடவுச்சீட்டுப் படத்தில் மீசையை வரைந்தும் வைக்க வேண்டும். உருவாக்கியவர் மனதில் இருப்பதை ஊகிக்க முடிந்தாலொழிய யாராலும் அவிழ்க்க முடியாத புதிர்களுக்கு இன்றுவரை அதுவே உதாரணம்.

ஆகவே "புதிர் கடினம்" என்ற ஒற்றை வரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்த விதத்தில் கடினம் என்று யாராவது விளக்கியிருக்கிறார்களா என்று தேடுங்கள். விடை தெரிந்ததும் "அட, இதுதானா!" என்று தோன்றினால் அது நல்ல கடினம். விடை தெரிந்த பிறகும் ஏன் என்று புரியாவிட்டால் அது கெட்ட கடினம். ரெயின்ஸ்வெப்ட்டில் இந்தச் சிக்கல் இல்லை. எளிதாக இருக்கிறதே என்பதுதான் அங்குள்ள புகார். முதல்முறையாக இந்த வகையைத் தொடுபவருக்கு அது நல்ல செய்தி.

'இருள்' என்று எதைச் சொல்கிறார்கள்?

இருட்டு நிறைந்த திரையைச் சொல்வதில்லை. கதை கையாளும் பொருள் கனமானது, மனதைக் கலக்கக்கூடியது என்ற பொருளில்தான் இந்தச் சொல் கருத்துகளில் வருகிறது. அதிலும் வகைகள் இருக்கின்றன.

சுவீடனைச் சேர்ந்த கில்மண்டே கேம்ஸ் 2015 ஆகஸ்டில் வெளியிட்ட ஃபிரான் போ இந்த வகையில் உலகம் அறிந்த ஒன்று. நட்டாலியா, ஐசக் என்ற இணையர் உருவாக்கியது. 1944இல் நடக்கும் கதை. பெற்றோர் கொடூரமாகக் கொல்லப்பட்டதைப் பார்த்த சிறுமி மனநலக் காப்பகத்தில் அடைக்கப்படுகிறாள். அங்கே கொடுக்கும் மாத்திரையை விழுங்கினால் அதே அறை இரத்தமும் பேயுருவங்களுமாக மாறித் தெரிகிறது. தொலைந்துபோன தன் பூனையைத் தேடி அவள் தப்பிக்கிறாள். இங்கே இருள் கண்ணுக்கு நேராகக் காட்டப்படுகிறது. அதைப் பற்றிய கருத்துகள் இன்றும் இரண்டாகப் பிரிந்தே நிற்கின்றன. முதல் பகுதியின் அச்சத்தை விரும்பியவர்களில் சிலருக்கு நடுவில் கதை மாய உலகத்துக்குப் போவது பிடிக்கவில்லை. முடிவு பல கேள்விகளைத் திறந்தே விட்டுவிடுவதைச் சிலர் அழகு என்கிறார்கள், சிலர் ஏமாற்றம் என்கிறார்கள்.

ரெயின்ஸ்வெப்ட்டின் இருள் வேறு மாதிரி. இங்கே பயமுறுத்தும் உருவங்களை நம்பிக் கதை நடப்பதில்லை. அன்பாகத் தொடங்கிய உறவு கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சாவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரத்தத்தைப் பார்த்துக் கலங்காத ஒருவரைக்கூட இது கலங்க வைக்கலாம்; தன் வீட்டில் பார்த்ததை அவர் திரையில் மறுபடி பார்க்கக்கூடும்.

மூன்றாவது வகைக்கும் இந்தியாவிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த கலைஞர் லீனா கெஜ்ரிவாலின் முயற்சியில், ஃப்ளையிங் ரோபோ ஸ்டூடியோஸ் உருவாக்கி 2016இல் கைபேசிக்கு வெளியான மிஸ்ஸிங். கடத்திச் செல்லப்பட்டுப் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட ஒரு பெண்ணின் இடத்தில் விளையாடுபவரை நிறுத்துகிறது. என்ன பேசுவது, யாரை நம்புவது, எப்போது தப்ப முயல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ரசிக்க வைப்பதைவிட உணர வைப்பதே அதன் நோக்கம். "ஜாலியாக இல்லை" என்று யாராவது அதற்குக் கருத்து எழுதினால், அது உண்மையாக இருந்தும் அளவுகோல் தவறு.

இருண்ட கதை நமக்குப் புதிதும் அல்ல. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து உண்டு. துகில் உரிதல் நடக்கும் இரவில் சபையே உறைந்து உட்கார்ந்திருக்கும். கடைசியில் படுகளம்: மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் கிடக்க, பீமன் வேடமிட்டவர் தொடையில் அடிக்க, பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிப்பாள். குழந்தைகளும் அங்கேதான் இருப்பார்கள். அவமானமும் வஞ்சமும் சாவும் கொண்ட கதையை ஊர் கூடி நின்று பார்த்துப் பழகிய மண் இது.

கூத்துக்கும் இந்த வகை விளையாட்டுக்கும் இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. கூத்தில் பக்கத்தில் ஊர் இருக்கிறது. பயந்த குழந்தைக்கு மடி இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டை நள்ளிரவில் தனி அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடுகிறோம். அத்துடன், கதையை நகர்த்துவது நம் கை. கதவைத் திறப்பதும் வாயில் மாத்திரையைப் போடுவதும் நாம் செய்யும் கிளிக்தான். இருண்ட விளையாட்டைப் பற்றி "மனசை விட்டுப் போகவே இல்லை" என்று மறுபடி மறுபடி எழுதுகிறார்கள் என்றால், இந்த இரண்டும் சேர்ந்து செய்யும் வேலைதான் காரணம்.

ஆகவே "மனம் கலங்கியது" என்ற கருத்தையும் "மோசமான விளையாட்டு" என்ற கருத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கலங்க வைத்ததற்குக் கதையில் காரணம் இருக்கிறதா, அல்லது அதிர்ச்சிக்காக மட்டும் வன்முறை திணிக்கப்பட்டதா என்று எழுதியவர் சொல்கிறாரா எனப் பாருங்கள். நல்ல கருத்தாளர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஸ்டீம் காட்டும் மதிப்பு எதைச் சொல்கிறது?

இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் ஸ்டீம் என்ற கடையில் விற்கப்படுகின்றன. வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கியது. 2015 முதல் அங்கே ரூபாயில் விலை காட்டுகிறார்கள். நம் கருத்தை ஐந்து நட்சத்திரத்தில் அளக்கும் முறை அங்கே இல்லை. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். அவற்றின் விழுக்காட்டை வைத்து ஒரு சொல் காட்டப்படும்.

பொதுவாக 80 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரையும் குறைந்தது 50 கருத்துகளும் இருந்தால் 'மிகவும் சாதகம்' என்ற பொருளில் வரும். 95 விழுக்காட்டுக்கு மேல் போய், கருத்துகள் 500ஐத் தாண்டினால் அதற்கும் மேலான பட்டம் கிடைக்கும். 70 முதல் 79 வரை 'பெரும்பாலும் சாதகம்'. 40 முதல் 69 வரை 'கலவையானது'. பத்துக்கும் குறைவான கருத்துகள் இருந்தால் எந்தப் பட்டமும் வராது.

இதில் இரண்டு செய்திகளை மனதில் வைக்க வேண்டும். 90 விழுக்காடு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பொருளல்ல. பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைத்தார்கள் என்று மட்டுமே பொருள். "சுமார்தான், ஆனாலும் பார்க்கலாம்" என்பவரும் "வாழ்நாளில் மறக்க மாட்டேன்" என்பவரும் அங்கே ஒரே எடைதான். அடுத்தது, சிறிய விளையாட்டுக்கு உயர்ந்த பட்டம் கிடைக்காமல் போவதற்குத் தரம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கருத்து எழுதியவர்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கலாம். கோவாவிலிருந்து வந்த விளையாட்டையும், கோடிக்கணக்கில் விளம்பரம் செய்யப்பட்ட விளையாட்டையும் பட்டத்தை வைத்து மட்டும் ஒப்பிடுவது நியாயமாகாது.

பட்டத்தைவிடப் பயனுள்ள விவரங்கள் ஒவ்வொரு கருத்தின் தலையிலும் இருக்கின்றன. எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடியிருந்தார் என்பது அங்கே தெரியும். ஐந்து நிமிடம் விளையாடியிருந்தாலே கருத்து எழுத ஸ்டீம் அனுமதிக்கிறது. அரை மணி நேரத்தில் மூடிவிட்டவர் கதையின் முடிவைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் விளையாட்டு அவரது கணினியில் சரியாக ஓடவில்லை என்று சொன்னால் அது மதிப்புள்ள தகவல். இலவசமாகப் பெற்றவர் என்றால் அந்தக் குறிப்பும் இருக்கும். கடைக்கு வெளியே வாங்கிய 'சாவி' என்ற குறியீட்டைப் போட்டுத் திறந்தவர்களின் கருத்துகளை 2016 செப்டம்பர் முதல் மொத்த விழுக்காட்டில் ஸ்டீம் சேர்ப்பதில்லை. உருவாக்கியவர்களே சாவிகளைக் கொடுத்துப் பாராட்டு எழுத வைப்பதைத் தடுக்க வந்த மாற்றம் அது.

தேதியையும் பாருங்கள். வெளியான வாரத்தில் எழுதிய பிழைப் புகார், பின்னர் வந்த திருத்தத்தில் சரி செய்யப்பட்டிருக்கலாம். கடைசி 30 நாள் கருத்துகளை ஸ்டீம் தனியாகக் காட்டுவது இதற்காகத்தான்.

நேரமில்லை என்றால் ஒரு சுருக்கமான வழி இருக்கிறது. விரிவாக எழுதப்பட்ட இரண்டு பாராட்டுகளையும் இரண்டு குறைகளையும் படியுங்கள். நான்கிலும் பொதுவாக வரும் செய்தியை உண்மையென்று எடுத்துக்கொள்ளலாம். குறை சொன்னவரின் புகாரைப் படித்துவிட்டு "இது எனக்குப் பிரச்சினையே இல்லையே" என்று தோன்றினால், அந்த விளையாட்டு உங்களுக்குப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

நம் ஊரிலிருந்து வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

முதலில் கணினி. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் இந்த மாவட்டத்தில் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. அவற்றில் பலவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. பெரிய விளையாட்டுகள் அதில் ஓடாது. கிளிக் செய்து விளையாடும் இருபரிமாணக் கதை விளையாட்டுகளில் பல ஓடும். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கான ஆதரவை ஸ்டீம் நிறுத்திவிட்டது. பழைய மடிக்கணினியில் அவைதான் இருக்கின்றன என்றால் வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும். விளையாட்டின் பக்கத்தில் அடியில் இருக்கும் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலை உங்கள் கணினியோடு ஒப்பிடுங்கள். பழைய கணினியில் விளையாடியவர் யாராவது கருத்து எழுதியிருந்தால் அது பட்டியலைவிட நம்பகமானது.

அடுத்தது மொழி. இந்த விளையாட்டுகளில் பேச்சுதான் எல்லாம். ரெயின்ஸ்வெப்ட்டில் அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவருக்கு முதல் அரை மணி நேரம் சிரமமாக இருக்கலாம். ஆனால் இங்கே நேரக் கெடு இல்லை. உரையாடல் நீங்கள் கிளிக் செய்யும்வரை காத்திருக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பழக இதைவிட இனிய வழி குறைவு.

பணம் பற்றி ஒரு பாதுகாப்பு உண்டு. வாங்கிய 14 நாளுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், ஸ்டீமில் கேட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். திறக்கவில்லை, பிடிக்கவில்லை, மனம் தாங்கவில்லை என்றால் தயங்காமல் இதைப் பயன்படுத்துங்கள். முழுக் கதையையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது மட்டும் வேண்டாம். 2021இல் சம்மர் ஆஃப் 58 என்ற குறும் திகில் விளையாட்டை உருவாக்கியவர், நல்ல கருத்துகள் வந்தும் ஏராளமானோர் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதால், விளையாட்டு உருவாக்குவதையே காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தார். தனி ஆளின் உழைப்புக்கு அது செய்யும் கேடு பெரியது.

பெற்றோருக்கு ஒரு விளக்கம். 'ஆன்லைன் கேம்' என்றதும் நமக்கு ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும் பல குடும்பங்கள் பட்ட துன்பத்தால்தான். நாம் பேசும் கதை விளையாட்டில் பந்தயம் இல்லை. ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது. ஒரு நாவலை வாங்குவது போன்ற செலவு அது.

ஆனால் நாவலைப் போலவே இதிலும் யாருக்கு எது பொருந்தும் என்பதைப் பார்க்க வேண்டும். கார்ட்டூன் போல வரைந்திருக்கிறார்கள் என்பதால் குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிரான் போவின் நாயகி சிறுமி, விளையாட்டு சிறுமிகளுக்கானதல்ல. கடைப் பக்கத்தில் உள்ளடக்கம் பற்றி உருவாக்கியவரே எழுதியிருக்கும் எச்சரிக்கைக் குறிப்பைப் படியுங்கள். பிறகு கருத்துகளில் தற்கொலை, வன்முறை, துன்புறுத்தல் பற்றி யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளை விளையாடினால் பக்கத்தில் உட்கார்ந்து கதையைக் கேளுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்மையில் யாரையாவது இழந்தவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் இத்தகைய விளையாட்டைத் தள்ளிப்போடுவது நல்லது. தொடங்கிய பிறகு தாங்கவில்லை என்றால் மூடிவிடலாம். முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. மனம் மிகவும் அழுத்தினால் தமிழ்நாடு அரசின் 104, ஒன்றிய அரசின் டெலிமானஸ் 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

நீங்கள் கருத்து எழுதுவதாக இருந்தால்

இந்திய இண்டி விளையாட்டுக்கு ஒவ்வொரு கருத்தும் முக்கியம். பத்து கருத்துகள் சேர்ந்தால்தான் பட்டம், ஐம்பது சேர்ந்தால்தான் 'மிகவும் சாதகம்' என்னும்போது ஒருவர் எழுதுவதும் கணக்கில் நிற்கிறது. எழுதும்போது நான்கு செய்திகளைச் சொன்னால் போதும்: எந்தக் கணினியில் விளையாடினீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது, எது பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்பதற்கான காரணம், மனதைக் கலக்கும் பொருள் எது இருக்கிறது. முடிவை மட்டும் உடைக்காதீர்கள். துப்பறியும் கதையில் முடிவைச் சொல்லிவிட்டால் அடுத்தவர் கொடுத்த காசு வீண். சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்த வரிகளை மறைத்துக் காட்டும் வசதி ஸ்டீமில் இருக்கிறது.

பிழையைச் சொல்லும்போது ஆளைத் திட்ட வேண்டாம். எந்த இடத்தில், என்ன செய்தபோது விளையாட்டு நின்றது என்று எழுதினால், அதைத் தனி ஆளாக உட்கார்ந்து திருத்துபவருக்கு அது உதவி.

தமிழிலும் எழுதுங்கள். ஸ்டீமின் இடைமுகம் தமிழில் இல்லாவிட்டாலும், கருத்துப் பெட்டியில் தமிழில் எழுதத் தடை இல்லை. செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி விடுதியில் இருக்கும் ஒரு மாணவர் நாளை ஒரு கதை விளையாட்டை உருவாக்க நினைத்தால், தமிழில் இதற்கு வாசகர் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையை அந்த வரிகள்தான் கொடுக்கும். நம் கூத்தும் நடுகல்லும் சொல்லும் கதைகள் எவ்வளவோ இந்த வடிவத்துக்குக் காத்திருக்கின்றன. அடுத்த முறை ஒரு சிறிய விளையாட்டை முடித்ததும் கணினியை மூடும் முன் நான்கு வரி எழுதிவிட்டு மூடுங்கள்.